இடது கன்னத்தின் ஈரம்

பிப்ரவரி 14, செவ்வாய். மதுரை.

அத்தானை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவர் கண்ணாடி, எங்கள் கல்யாண மோதிரம், செருப்பு எல்லாம் என் பையில் இருக்கின்றன. சும்மா உட்கார்ந்தால் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதினால் நோட்டைப் பார்க்கலாம். அதனால் எழுதுகிறேன்.

ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுத்தவள் நான். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே புரியும். அத்தானுக்கு இடது காதுக்கு முன்னால் ஒரு கட்டி. வலிக்கவில்லை. சவரம் செய்யும்போது பிளேடு ஓர் இடத்தில் ஏறி இறங்கியதால்தான் தெரிந்தது. அந்த இடத்தில் உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்று உண்டு. கட்டி அதற்குள் இருக்கிறது. ஊசியால் எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. சுரப்பியையே எடுக்கவேண்டும்.

இதில் ஒரு சிக்கல். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள் புகுந்துதான் கிளை பிரிகிறது. தொட்டிச் செடியில் வேர் ஒன்றுகூட அறுபடாமல் மண்ணை மட்டும் உதறி எடுப்பது போன்ற வேலை. ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஷிஃபானாவுக்கு என் மகள் ஷைனியின் வயதுதான் இருக்கும். "முடிஞ்ச வரைக்கும் காப்பாத்துவோம்மா" என்றார்.

ஸ்ட்ரெச்சரில் போகும்போது அத்தான் சொன்னது: "டீச்சர், நான் வாரதுக்குள்ள அழுது முடிச்சிரு. வந்தப்புறம் அழுதன்னா எனக்குச் சிரிப்பு வந்துரும். தையல் பிரிஞ்சிரும்."

இரவு: முடிந்தது. கண் பக்கம் போகும் கிளைகளைக் காப்பாற்றிவிட்டார்களாம். வாய் ஓரத்துக்குப் போகும் கிளை கட்டியோடு ஒட்டியிருந்ததால் அறுக்கவேண்டியதாயிற்று. கழுத்திலிருந்து வேறொரு நரம்புத் துண்டை எடுத்து இடைவெளியில் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 16, வியாழன்.

கட்டைப் பிரித்தார்கள். முகத்தைப் பார்த்தேன். நான் பயப்படவில்லை. பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிப்ரவரி 23, வியாழன்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புறப்படும்போது டாக்டர் என்னை மட்டும் கதவுக்கு வெளியே கூப்பிட்டுச் சில விஷயங்கள் சொன்னார். அதை இப்போது எழுத விருப்பமில்லை. "என்ன சொன்னாக?" என்று அத்தான் கேட்டார். மாத்திரை பற்றி என்றேன்.

எங்கள் ஊர் நாசரேத்துக்கு வந்து சேர இருட்டிவிட்டது. தண்ணீர்த் தொட்டி காலி. மோட்டார் போட்டேன்.

மார்ச் 19, ஞாயிறு.

சபை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து இடியாப்பம் சாப்பிட்டோம். அத்தானுக்கு இடது வாயோரம் தொங்குகிறது, தேங்காய்ப்பால் வழிகிறது. துடைத்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், ஒரு பாடம் எடு. அறுத்து ஒட்டுன ஒயர்ல கரண்ட் எப்ப வரும்?"

அவர் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். அவருக்கு எல்லாமே ஒயர்தான்.

"இது ஒயர் இல்ல அத்தான். ஒயரை முறுக்கி ஜாயின்ட் போட்டா உடனே லைட் எரியும். நரம்பு அறுந்துதுன்னா, அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற இழை பூராவும் செத்துப் போயிரும். இந்தப் பக்கத்துலருந்து புதுசா வளந்து போகணும்."

"அப்போ அந்தப் பொண்ணு வச்சுத் தச்ச துண்டு?"

"அதுக்குள்ளயும் இழை செத்திருக்கும். வெறுங்குழாய்தான். ஆனா குழாயோட சுவர்ல உசிரு இருக்கு."

"காலிப் பைப்பை வச்சுட்டு, ஒயர் தானா முளைச்சு வரும்னு உக்காந்திருக்கோம்?"

"ஆமா."

"ஏ பொன்னு, எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு எஸ்டிமேட் போட்டிருந்தா சஸ்பெண்ட் பண்ணிருப்பான்."

சிரித்தார். பாதி முகம் மட்டும் சிரித்தது. என் பெயர் பொன்மணி. அவர் 'பொன்னு' என்று கூப்பிட்டால் உள்ளுக்குள் கலங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

ஏப்ரல் 27, வியாழன். மதுரை.

கதிர்வீச்சு நடக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறோம். தலை அசையக்கூடாது என்று முகத்தின் அளவுக்கே ஒரு பிளாஸ்டிக் வலை செய்து, அதை முகத்தில் வைத்து, மேசையோடு சேர்த்துப் பூட்டுகிறார்கள். தினமும் வெளியே வரும்போது வலையின் கட்டம் நெற்றியில் பதிந்திருக்கிறது. "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "மீன் மாதிரி இருந்தது" என்கிறார்.

வெயில் தாங்கவில்லை. இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் துவைத்தேன்.

ஜூன் 25, ஞாயிறு.

இடது கண் இப்போது முழுசாக மூடுகிறது. தூங்கும்போது பிளாஸ்திரி ஒட்டவேண்டியதில்லை. வாயோரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஷைனி பெங்களூரிலிருந்து அனுப்பிய கட்டுரை ஒன்றை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். படித்ததை எனக்கே பாடம் எடுத்துக்கொள்கிறேன்.

வளரும் நரம்பு இழையின் நுனி ஒரு சின்னக் கை மாதிரி இருக்கிறது. விரல்களை நீட்டி நீட்டி முன்னால் இருப்பதைத் தடவிப் பார்க்கிறது. இழை செத்துப்போன குழாயில், சுவரில் உள்ள உறைச் செல்கள் மட்டும் சாகாமல் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் ஒட்டும் தன்மையுள்ள புரதங்கள் இருக்கின்றன. நுனியிலும் அதற்கு இணையான புரதங்கள் உண்டு. இரண்டும் பிடித்துக்கொள்கின்றன.

நான் முதலில் இதை அவரைக்கொடி என்று நினைத்தேன். மாடியில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதானே அது ஏறுகிறது? ஆனால் அந்த உதாரணம் பாதிதான் சரி. கயிறு கொடியிடம் எதுவும் சொல்வதில்லை. இங்கே பிடித்த உடனே இழைக்குள் ஒரு செய்தி போகிறது. 'இந்தப் பக்கம் வா, வளர்' என்று. செய்தி வராவிட்டால் நுனி விரலை மடக்கிக்கொள்கிறது.

இன்னொரு உதாரணம். எங்கள் பள்ளி விடுதியில் கரண்ட் போன இரவுகளில், சின்னப் பிள்ளைகளைச் சாப்பாட்டறைக்கு நடத்திப் போக, பெரிய பிள்ளைகளை வழிநெடுக நிறுத்திவைப்போம். சின்னது தட்டுத்தடுமாறி வந்து ஒரு கையைத் தொடும். அந்தக் கை அழுத்திக் கொடுத்தால் அடுத்த கைக்குப் போகும். அழுத்தாத கையிடம் நிற்காது. இதுதான் சரியான உதாரணம்.

சில இழைகள் தவறான குழாய்க்குள் புகுந்துவிடுவதும் உண்டு என்று ஒரு வரி இருந்தது. அதற்குமேல் படிக்கவில்லை. சாம்பார் அடுப்பில் இருந்தது.

ஆகஸ்ட் 30, புதன்.

கொஞ்ச நாளாக அத்தான் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. "நீ சாப்பிடு, எனக்குப் பசிக்கல" என்கிறார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பின் வராந்தாவுக்குப் போய்விடுகிறார். அங்கே காற்று நன்றாக வருகிறதாம். தோளில் எப்போதும் ஒரு துண்டு. இன்று ரசம் வைத்தேன். உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கிற மனுஷன், வேண்டாம் என்றார்.

"ஏன் அத்தான், புளி கூடிட்டுதா?"

"நல்லாத்தான் இருக்கும். எனக்குப் பிடிக்கல."

நாளையிலிருந்து புளியைக் குறைத்துக்கொள்ளவேண்டும். என் சமையலை இத்தனை வருடத்தில் அவர் குறை சொன்னதில்லை. வாய் சரியாக மூடாததால் என் முன்னால் சாப்பிடக் கூச்சப்படுகிறாரோ என்னவோ.

துவைக்கிற துண்டுகள் அதிகமாகிவிட்டன.

செப்டம்பர் 17, ஞாயிறு.

எழுதவே கை வரவில்லை. இன்று திருவிருந்து ஞாயிறு. வரிசை எழுந்தபோது நானும் எழுந்தேன். அத்தான் எழவில்லை. முன்னால் போய் முழங்காலிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இடது பக்கச் சுவரை ஒட்டி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பல வாரமாகவே அந்தச் சுவரோரத்தில்தான் உட்காருகிறார். அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்கினேன்.

வெளியே வந்ததும் சபைப் போதகர் ஐயர் கேட்டார். "அண்ணாச்சி எடுக்கலையே, என்னம்மா?"

"உடம்புக்கு முடியல ஐயா" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் திருவிருந்தைத் தவறவிட்டதில்லை. ஆபரேஷனுக்கு முந்தின வாரம்கூட எடுத்தார். ஆண்டவர்மேல் கோபமா? அல்லது தான் பிழைக்கமாட்டோம் என்று முடிவு செய்துவிட்டாரா? சிலர் சாகப்போவதற்கு முன் ஒவ்வொன்றாக விட்டுவிடுவார்கள் என்று அம்மா சொல்வாள். முதலில் ருசி. பிறகு கோயில். பிறகு பேச்சு.

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

அக்டோபர் 9, திங்கள்.

கேட்டுவிட்டேன். சண்டையாகிவிட்டது.

"ஏன் ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்கிய? சட்டையெல்லாம் தொளதொளன்னு கெடக்கு."

"வயசானா சட்டை பெருசாத்தான் ஆகும்."

"விளையாடாதிய. ஷைனிகிட்டச் சொல்லப்போறேன்."

"சொல்லு. பிள்ளைக்கு அங்க வேற வேலை இல்ல. லீவு போட்டுட்டு வந்து எனக்கு ஊட்டிவிடட்டும்."

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். சாயங்காலம் ஷைனியிடம் சொன்னேன். "ம்மா, அப்பாக்கு மனசுதான் சரியில்லைன்னு நெனைக்கேன். யார்கிட்டயாவது கூட்டிட்டுப் போகலாம்" என்றாள். இவரை யாரிடம் கூட்டிப்போவது?

அக்டோபர் 22, ஞாயிறு.

டாக்டர் அன்று கதவருகே சொன்னதை எழுதிவிடுகிறேன். மனதில் வைத்துக்கொண்டு இருக்கமுடியவில்லை. "இது திரும்பி வரக்கூடிய கட்டிம்மா. அந்த இடத்துல கசிவு, சிவப்பு, புதுசா ஒரு வீக்கம், எடை குறையறது, எது தெரிஞ்சாலும் உடனே கூட்டிட்டு வாங்க. ரெண்டாவது தடவை வந்தா வைத்தியம் கஷ்டம்."

எடை குறைந்திருக்கிறது. மற்றவை இல்லை. கன்னம் காய்ந்துதான் இருக்கிறது, நான் பார்க்கிறபோதெல்லாம்.

நவம்பர் 6, திங்கள்.

மத்தியானம் திடீரென்று மழை பிடித்தது. நான் தூங்குகிறேன் என்று அத்தான் நினைத்திருப்பார். கொடியில் கிடந்த துணியை எடுக்கப் பின்பக்கம் ஓடினேன். வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் சவரக் கண்ணாடி. முன்னால் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தன் இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காதுக்கு முன்னால், தழும்பை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குக் கன்னம் சிவந்திருந்தது. அதிலிருந்து நீர் துளித்துளியாகக் கிளம்பித் தாடையில் இறங்கிச் சொட்டியது.

"என்னது அது?"

கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டார். "ஒண்ணுமில்ல. சாரல்."

சாரல் வராந்தாவுக்குள் வரவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பலருந்து?"

"ஆகஸ்ட்லருந்து இருக்கும். சாப்பிட்டா ஒழுகும். புளிப்பு பட்டா ரொம்ப. கழுவிட்டா ஒண்ணும் தெரியாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மதுரைக்குக் கூட்டிட்டுப் போவ. அவங்க மறுபடியும் அந்த வலையை மாட்டிப் பூட்டுவாங்க. எத்தனை கம்பத்துல தொங்கிருக்கேன் பொன்னு, ஒரு நாளும் பயந்ததில்ல. அந்த வலைக்குள்ள தெனமும் செத்துச் செத்து வந்தேன். இன்னொரு மட்டம் என்னால முடியாது."

"அதுக்காக..."

"கசிஞ்சா, செவந்தாக் கூட்டிட்டு வாங்கன்னு அந்தப் பொண்ணு ஒங்கிட்டச் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுது. நீ வந்து மாத்திரைன்ன. நானும் சரின்னேன்."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. துணி எல்லாம் நனைந்துவிட்டது. எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"திருவிருந்துக்கு ஏன் வரல?"

"திராட்சரசம் புளிக்குமில்லா? முழங்கால்ல நிக்கும்போது ஒழுகுச்சுன்னா ஐயர் என்ன நெனைப்பாக? நான் அழுதேன்னு ஜெபம் பண்ண ஆரம்பிச்சிருவாக."

நான் எவ்வளவு நினைத்துவிட்டேன். எல்லாம் தவறு. ஆனால் நான் நினைத்ததே தேவலையாக இருந்திருக்கும் போலிருக்கிறது. கசிவு. சிவப்பு. எடை. மூன்று.

நவம்பர் 7, செவ்வாய்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். டாக்டர் வெள்ளிக்கிழமைதான் இருப்பாராம். "அர்ஜென்ட்னா அட்மிட் பண்ணிருங்க" என்றாள் போனை எடுத்த பெண். அத்தான் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வருகிறேன், அதற்கு முன்னால் ஓர் அடி எடுத்துவைக்கமாட்டேன் என்கிறார்.

காலையில் மாவு அரைத்தேன், இரவாகியும் புளிக்கவில்லை. எப்படிப் புளிக்கும், உளுந்து போட மறந்திருக்கிறேன்.

நவம்பர் 8, புதன்.

காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. இரண்டு நாளாக 'கசிகிறது, கசிகிறது' என்று பயந்துகொண்டிருக்கிறோமே தவிர, கசிவது என்ன என்று கேட்கவேயில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட அதைத்தானே முதலில் கேட்கும்?

சீழ் இல்லை, தெளிந்த நீர். அப்படியானால் இரண்டில் ஒன்று. உமிழ்நீராக இருந்தால், உள்ளே ஏதோ வாய்வரை அரித்துப் புண்ணைத் திறந்திருக்கிறது. இல்லாவிட்டால் வியர்வை.

இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை என் கையில் இருக்கிறது. வருடா வருடம் செய்து காட்டியதுதான். மாவுச்சத்தில் அயோடின் பட்டால் நீலக் கறுப்பு. அதில் உமிழ்நீரைக் கலந்தால், உமிழ்நீர் மாவுச்சத்தைத் தின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் நீலம் மறைந்துவிடும். வியர்வை மாவைத் தின்னாது. நீலம் நிற்கும்.

மருந்துக்கடையில் டிஞ்சர் அயோடின் கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாரு டீச்சர் கேக்கா?" என்று புண்ணுக்குப் போடும் பீட்டாடின் கொடுத்தான். என்னிடம் படித்தவன்தான். ஓர் உருளைக்கிழங்குத் துண்டில் விட்டுப் பார்த்தேன். கறுத்தது. போதும்.

அத்தானை வெளிச்சத்தில் உட்காரவைத்து இடது கன்னத்தில் அயோடின் தடவினேன். காய்ந்தபின் அதன்மேல் சோளமாவைப் பஞ்சால் ஒற்றினேன். காய்ந்திருக்கும்வரை மாவு வெள்ளையாக இருக்கும், ஈரம் பட்டால்தான் கறுக்கும்.

"கிறிஸ்மஸ் தாத்தா வேசத்தை நவம்பர்லயே போடுதியே டீச்சர்."

"பேசாதிய. மாவு உதிரும்."

ஒரு சாஸரில் மாவும் அயோடினும் கலந்து, அதில் அவரைத் துப்பச் சொன்னேன். ஒத்துப் பார்க்க வேண்டுமே. பிறகு ஊறுகாயைக் கையில் கொடுத்தேன்.

சப்பினார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு வெள்ளை மாவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கணக்கில்லாமல். எல்லாம் சேர்ந்து தாடைவரை நீலக் கறுப்பாகப் படர்ந்தது. என் கணவரின் முகத்தில் அந்த நிறத்தைப் பார்ப்பேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

"திரும்ப வந்துட்டுதா?" என்றார்.

"இருங்க. இன்னும் முடியல."

சாஸரையும் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாஸரில் நீலம் தவிட்டு நிறமாயிற்று. பிறகு அதுவும் வெளுத்தது. கன்னத்திலும் ஓர் ஓரம் வெளுப்பதுபோல் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். வெளுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சாஸர் முழுசாக வெளுத்த பிறகும் கன்னம் கறுப்பாகவே இருந்தது.

"வேர்வை அத்தான்."

"வேர்வையா? ஊறுகாய் தின்னா ஒத்தக் கன்னம் மட்டும் எதுக்கு வேர்க்கணும்?"

அப்புறம்தான் அந்தக் கட்டுரையில் நான் படிக்காமல் விட்ட வரி ஞாபகம் வந்தது. போனில் தேடி எடுத்து மிச்சத்தையும் படித்தேன்.

சுரப்பியை எடுத்தபோது அதற்கு வந்த நரம்பு இழைகளும் அறுந்தன. தோலில் வியர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் இழைகளும் அறுந்தன. உமிழ்நீர் இழை மறுபடி வளர்ந்து வந்து பார்க்கிறது. போகவேண்டிய வீடே இல்லை. தடவிக்கொண்டே போகிறது. பக்கத்தில் ஆளில்லாத வழி ஒன்று. அங்கே நிற்கும் செல்களும் கை கொடுக்கின்றன. போய்ச் சேர்ந்த இடம் வியர்வைச் சுரப்பி. உமிழ்நீர்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் கேட்டு நடப்பது ஒரே இரசாயனத்தின் பேச்சைத்தான். அதனால் வந்தவனை அந்த வீடு சேர்த்துக்கொண்டது. இப்போது வாய் ஊறவேண்டும் என்று மூளை சொன்னால் கன்னம் வியர்க்கிறது.

அத்தானுக்குச் சொன்னேன். மிச்சமிருந்த ஊறுகாயைத் தின்றுகொண்டே கேட்டார்.

"சரி. அப்ப கட்டி திரும்ப வரலன்னு அர்த்தமா?"

இல்லை. அதற்கு இந்தச் சோதனை பதில் சொல்லாது. கசிவு வியர்வை என்று மட்டும்தான் சொல்லும். நான் பொய் சொல்லவில்லை. "அதை டாக்டர்தான் பாக்கணும்" என்றேன். ஊறுகாய்ப் பாட்டிலை மூடி வைத்தார்.

நவம்பர் 10, வெள்ளி. மதுரை.

எவ்வளவு கழுவியும் கன்னத்தில் கறை முழுதும் போகவில்லை. டாக்டர் பார்த்ததும், "யாரு டெஸ்ட் பண்ணது?" என்றார்.

"வீட்லயே லேப் இருக்கு டாக்டர்" என்றார் அத்தான்.

அது வியர்வைதான், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான் என்றார் டாக்டர். "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். ஸாரிம்மா."

"ஆக, எச்சிலுக்குப் போற லைனை வேர்வை மீட்டர்ல குடுத்துட்டிய. இது ஆள் பண்ணுன தப்பா, லைன் பண்ணுன தப்பா?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு எடை பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. சாப்பாட்டைக் குறைத்ததை நான் விளக்கமாகச் சொன்னேன். "இருக்கலாம். ஆனா ஸ்கேன் பாத்துருவோம்."

"மொகத்தைப் பூட்டுவியளா?" அத்தானின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"இல்ல சார். சும்மா படுத்தா போதும்."

படுத்தார். அந்த அறைக் கதவு மூடும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. தீபாவளி விடுமுறை என்பதால் முடிவு செவ்வாய்க்கிழமைதான்.

நவம்பர் 13, திங்கள்.

பக்கத்துத் தெருவில் வெடிச் சத்தம். ஒவ்வொரு வெடிக்கும் அத்தான் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். சோறு வடித்தேன். இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவ்வளவுதான் இன்று.

நவம்பர் 14, செவ்வாய். மதுரை.

இப்போதைக்கு எதுவும் இல்லை.

டாக்டர் அந்த வார்த்தையைத்தான் சொன்னார். 'இப்போதைக்கு.' வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது அத்தான் என் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். திறக்க முடியவில்லை அவருக்கு. நான் வாங்கினேன். எனக்கும் முடியவில்லை. எதிரே இருந்த ஒருவர் திறந்துகொடுத்தார்.

கன்னம் வியர்க்காமல் இருக்க ஊசி உண்டாம். போட்டால் சில மாதம் நிற்கும். அத்தான் வேண்டாம் என்றுவிட்டார். "வாய்க்குப் போன லைன் இன்னும் வந்து சேரல. தப்பான வீட்டுக்காவது ஒருத்தன் வந்து சேந்திருக்கான். அவன எதுக்கு வெரட்டணும்?"

வாயை இழுத்துச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தார் டாக்டர். இடது ஓரத்தில் ஏதோ லேசாக இழுபட்டது போலிருக்கிறது என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது என்று சொல்லவும் பயமாக இருந்தது.

புதிதாகக் கட்டி ஏதும் உண்டா என்று மாதம் ஒரு தடவை கழுத்தை விரலால் தடவிப் பார்க்கவேண்டுமாம். எப்படி என்று காட்டிக்கொடுத்தார். "ஒருத்தருக்கொருத்தர் மறைக்காம பாருங்க" என்றார் எங்கள் இருவரையும் பார்த்து.

நவம்பர் 19, ஞாயிறு.

அத்தான் திருவிருந்து எடுத்தார். கன்னம் நனைந்தது. ஐயர் தோளில் கைவைத்து ஜெபித்தேவிட்டார், அவர் சொன்னபடியே.

மாதம் முடியட்டும் என்று இருவருக்கும் பொறுக்கவில்லை. சாப்பிட்டபின் முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். என் விரலைத் தானே பிடித்துத் தன் காதுக்குப் பின்னால் வைத்தார். தழும்பின் ஓரம். கழுத்துச் சரிவு. ஒன்றுமில்லை. தாடை எலும்புக்கு அடியில் வந்தபோது என் விரல் நின்றுவிட்டது.

வெந்த மொச்சை அளவுக்கு ஒன்று. அழுத்தினால் வழுக்கியது.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். தன் விரலைக் கொண்டுவந்து என் விரலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதா?"

"ம்."

"முந்தி இருந்துதா?"

"தெரியலயே அத்தான். நான் தொட்டுப் பாத்ததில்லயே."

பிறகு அவர், "அந்தப் பக்கம் பாரு" என்றார். வலது தாடைக்கு அடியில் தேடினேன். இருந்தது. இதே மாதிரிதானா, சின்னதா, சொல்ல முடியவில்லை. விரல் நடுங்கினால் அளவு தெரியாது.

"ஒன் மொகத்தைத் தூக்கு."

தூக்கினேன். கயிறு பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் என் தாடைக்கு அடியில் வந்து அழுத்தித் தேடின. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒனக்கும் இருக்கு."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும். எல்லாருக்கும் இருக்கும் போல ஏ பொன்னு."

நான் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. அவர் கழுத்தில் நாடி துடிப்பது என் விரலில் தெரிந்தது. வாசல் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. பால்காரப் பெண் வந்து நின்று, நாங்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பால் தூக்கைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.